எலெக்ட்ரிகலா, எலெக்ட்ரானிக்ஸா, கணினியா: சேருமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை

கணக்கும் இயற்பியலும் ஓரளவு கைவந்த ஒருவர் பொறியியல் பட்டப்படிப்பைத் தேடும்போது எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், கணினி ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே கிடக்கின்றன. முதல் வருடப் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே கால்குலஸ், அதே இயற்பியல், அதே நிரலாக்க அறிமுகம், பெரும்பாலும் அதே அடிப்படைச் சுற்றுகள். அதனால் "எதை எடுத்தால் என்ன" என்று பலர் சேர்ந்துவிடுகிறார்கள். எந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது இரண்டாம் வருடத்தின் நடுவில்தான் தெரிய வருகிறது. அப்போது மாறுவது கடினம்.

எலெக்ட்ரிகலை நடுவில் வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியோடு வீட்டில் உட்கார்ந்து தானாகக் கற்றுக்கொள்ள முடியாதது எதுவோ, அதற்குத்தான் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பைச் செலவழிக்க வேண்டும் என்பது என் நிலை. இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரே சுற்று, மூன்று கேள்விகள்

40 ஓம் மின்தடை ஒன்றையும் 100 மில்லிஹென்றி காயில் (கம்பிச்சுருள்) ஒன்றையும் தொடராக இணைத்து, 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் போடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று துறை மாணவர்களும் ஆரம்பத்திலேயே சந்திக்கிற சுற்று இது. ஆனால் அதைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஆளுக்கு ஆள் மாறும்.

எலெக்ட்ரிகல் மாணவர் முதலில் கேட்பது, இதில் எவ்வளவு கரன்ட் ஓடும், அதில் எவ்வளவு வேலைக்கு ஆகும் என்பதை. 50 ஹெர்ட்ஸில் அந்தக் காயில் காட்டும் எதிர்ப்பு 31.4 ஓம். அதை 40 ஓமோடு நேராகக் கூட்ட முடியாது. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்துக் கூட்டினால் கிட்டத்தட்ட 51 ஓம் வரும். கரன்ட் 2 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 197 வருகிறது. ஆனால் வெப்பமாகச் செலவாவது 155 வாட் மட்டுமே. காயில் தன் காந்தப்புலத்துக்குள் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது, பிறகு திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இதே கதைதான். வேலைக்கு ஆகாத இந்தப் போக்குவரத்தையும் சேர்த்துத்தான் வயரும் டிரான்ஸ்ஃபார்மரும் சுமக்க வேண்டியிருக்கிறது. 155ஐ 197ஆல் வகுத்தால் வரும் 0.79தான் இதன் பவர் ஃபேக்டர். இதை உயர்த்த எந்த அளவு கெபாசிட்டரை எங்கே வைப்பது என்பது அவருடைய அடுத்த கேள்வி.

எலெக்ட்ரானிக்ஸ் மாணவருக்கு இதே சுற்று ஒரு வடிகட்டி. மின்தடையின் இரு முனைகளில் அளந்தால் குறைந்த அதிர்வெண்கள் கடந்து வரும், உயர்ந்தவை தேய்ந்துவிடும். எல்லை ஏறக்குறைய 64 ஹெர்ட்ஸ். அதன் பத்து மடங்கான 640 ஹெர்ட்ஸில் ஒரு சமிக்ஞையை விட்டால் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். எவ்வளவு வாட் செலவாகிறது என்பது அவருக்கு இப்போது முக்கியமில்லை. சமிக்ஞை சிதையாமல் வருகிறதா, இரைச்சல் எவ்வளவு என்பதில்தான் அவர் கவனம்.

கணினி மாணவர் இந்த அலையை நொடிக்கு 1,000 முறை மாதிரி எடுத்து எண்களாக்குவார். ஒரு சுழற்சிக்கு 20 எண்கள். அவற்றிலிருந்து அலையின் உயரத்தையும் கோணத்தையும் கணக்கிட வேண்டும். அடுத்த மாதிரி வந்து சேரும் ஒரு மில்லிநொடிக்குள் கணக்கு முடிந்திருக்கவும் வேண்டும். எத்தனை பிட், எந்த வழிமுறை, எவ்வளவு நினைவகம் என்று அவர் யோசனை போகும்.

இந்த மூன்று பார்வையும் ஒரே பெட்டிக்குள் கூடும் இடம் துணைமின் நிலையங்களில் இருக்கிறது: டிஜிட்டல் பாதுகாப்பு ரிலே. லைனில் கோளாறு வந்தால் அதை ஓரிரு சுழற்சிகளுக்குள் கண்டறிந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி அது. கோளாறு என்றால் என்ன, எதைத் துண்டிக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது எலெக்ட்ரிகல் அறிவு. உள்ளே வரும் சமிக்ஞையைச் சுத்தப்படுத்துவது எலெக்ட்ரானிக்ஸ். முடிவெடுப்பது ஒரு நிரல். மூன்று கேள்விகளில் எது உங்களை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எலெக்ட்ரிகலும் எலெக்ட்ரானிக்ஸும்

இந்தப் பிரிவினை பழையது. அமெரிக்காவில் மின்பொறியாளர்களுக்கான சங்கம் 1884ல் தொடங்கியது; தந்தி, விளக்கு, மின்சாரம் வழங்குவது எல்லாம் அதன் எல்லைக்குள் இருந்தன. ரேடியோவில் இறங்கியவர்கள் 1912ல் தனிச் சங்கம் கண்டார்கள். ஐம்பது வருடம் தனித்தனியாக இயங்கிய இரண்டும் 1963ல் இணைந்துதான் ஐஇஇஇ (IEEE) என்ற இன்றைய பொறியாளர் சங்கம் உருவானது. சங்கங்கள் சேர்ந்த பிறகும் பல பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பிரிந்தே இருக்கின்றன. சில இடங்களில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்து, மூன்றாம் வருடத்தில் கிளை பிரிக்கிறார்கள். உங்களுக்கு வாய்ப்பு இருந்தால் இந்த இரண்டாம் வகையைத் தேடுங்கள். பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவை இருபது வயதுக்குத் தள்ளிப் போட முடிவது பெரிய வசதி.

பிரிந்தே இருக்கும் இடத்தில் என்ன வித்தியாசம்? எலெக்ட்ரிகலில் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், ஜெனரேட்டர், மின்கடத்தும் லைன்கள், பாதுகாப்பு, கட்டுப்பாட்டு முறைமைகள், பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை முதுகெலும்பு. எலெக்ட்ரானிக்ஸில் டிரான்சிஸ்டர், பெருக்கிகள், சிப் வடிவமைப்பு, ஆன்டெனா, தகவல்தொடர்பு, சமிக்ஞைச் செயலாக்கம். கணக்கில் பெரும் பகுதி பொது: வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், ஃபூரியே, லாப்லாஸ் உருமாற்றங்கள். எலெக்ட்ரிகல்காரருக்குக் கலப்பெண்கள் தினசரிச் சோறு. மேலே சொன்ன முக்கோணக் கூட்டலைக் கலப்பெண்களின் சாதாரணக் கூட்டலாக மாற்றும் முறையை 1893ல் சிகாகோவில் நடந்த மின்பொறியாளர் மாநாட்டில் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற பொறியாளர் முன்வைத்தார். வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிய ஒரு தொழில் அதற்குப் பிறகு பள்ளி இயற்கணிதத்தால் நடந்தது. எலெக்ட்ரானிக்ஸ்காரருக்கு, குறிப்பாகத் தகவல்தொடர்புப் பக்கம் போகிறவருக்கு, நிகழ்தகவு அதே அளவு முக்கியம். இரைச்சல் என்பதே நிகழ்தகவு தெரியாமல் பேச முடியாத பொருள்.

வேறுபாட்டை உடம்பால் உணர்வது ஆய்வகத்தில்தான். எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் மேஜையில் சால்டரிங் இல்லாமல் சுற்றைச் செருகிப் பார்க்கும் ஒரு பிரெட்போர்டு, 5 வோல்ட், அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப். தப்பாக இணைத்தால் ஒரு ஐசி சூடாகும், அதிகபட்சம் செத்துப்போகும். சிக்கலெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை: பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையே இருக்கும் சில பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ், சப்ளை முனையில் வைக்க மறந்த 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் பெருக்கி தானாகவே அலையடித்துக்கொண்டு நிற்கும். பொறுமையாக ஒவ்வொரு புள்ளியாக அளந்து தேடுகிறவருக்கான வேலை.

மெஷின் ஆய்வகம் வேறு உலகம். நான்கு துருவ இண்டக்ஷன் மோட்டார் ஒன்று ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். சுமை இல்லாமல் டேக்கோமீட்டரை வைத்தால் 1,490க்கு மேல் காட்டும். சுமையை ஏற்ற ஏற்ற முள் இறங்கி, முழுச் சுமையில் 1,440 பக்கம் வந்து நிற்கும். அதே நேரம் மோட்டாரின் உறுமல் மாறுகிறது, தரை அதிர்கிறது, அம்மீட்டர் ஏறுகிறது. அந்த 60 சுற்று பின்தங்கலில்தான் மோட்டாரின் இழுவிசையே இருக்கிறது என்று புத்தகம் சொல்லும். அந்த அறையில் நின்றால் காதுக்கே தெரியும். அங்கே தப்பு செய்ய அனுமதியும் இல்லை. பெரிய கரன்ட்டை மீட்டருக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இரண்டாம் சுற்றைத் திறந்து விட்டால் ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் அந்த முனைகளில் எழும். முதலில் குறுக்கே இணை, அப்புறம் மீட்டரைக் கழற்று என்ற ஒழுங்கைக் கை தானாகச் செய்யும் வரை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

என் சாய்வுக்குக் காரணம் இதுதான். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் சால்டரிங் அயர்னும் மலிவான ஆசிலாஸ்கோப்பும் இருந்தால் எலெக்ட்ரானிக்ஸின் கணிசமான பகுதியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப் கொண்ட எஃப்பிஜிஏ (FPGA) போர்டும் கிடைக்கிறது. மெஷின் ஆய்வகத்தையோ உயர் மின்னழுத்தக் கூடத்தையோ வீட்டில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சிப் தயாரிக்கும் சுத்த அறையும் அப்படித்தான். அந்த வசதி உள்ள எலெக்ட்ரானிக்ஸ் துறை கிடைத்தால் என் வாதம் அங்கே வலுவிழக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய எல்லைக்கோடு எலெக்ட்ரிகல் பக்கத்திலிருந்துதான் வேகமாக அழிகிறது. சூரியத் தகடும் பேட்டரியும் தருவது நேர்மின்னோட்டம். அதை மாறுமின்னோட்டமாக்குவது இன்வெர்ட்டர். அதற்குள் ஐஜிபிடி (IGBT) என்ற பவர் டிரான்சிஸ்டரோ சிலிக்கன் கார்பைடு டிரான்சிஸ்டரோ நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுகிறது. மின்சார வாகனத்தின் மோட்டாரை ஓட்டுவதும் அதே வகைச் சுற்று. பெரிய ஜெனரேட்டர்களில் பல டன் எஃகு சுழன்றுகொண்டிருப்பதால், திடீரென்று ஒரு நிலையம் நின்றாலும் அதிர்வெண் சட்டென்று விழாது. அந்தச் சுழற்சியின் ஆற்றல் சில நொடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கும். இன்வெர்ட்டருக்குள் சுழலும் எஃகு இல்லை. அந்தத் தாங்குதலைக் கட்டுப்பாட்டு நிரலாலும் பேட்டரியாலும் உருவாக்க வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே மதியத்தில் இருளில் மூழ்கியது நினைவிருக்கலாம். அதிர்வெண்ணுக்கு முன்பே அங்கே மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. மின்கட்டமைப்பின் மின்னழுத்தத்தை யார், எதைக் கொண்டு, எவ்வளவு வேகத்தில் பிடித்து வைப்பது என்பது இன்று உயிருள்ள ஆராய்ச்சிக் கேள்வி. எலெக்ட்ரிகல் என்றால் பழைய துறை, புதிதாக எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே காரணத்தால், எலெக்ட்ரானிக்ஸையும் நிரலாக்கத்தையும் ஒதுக்கிவிட்டு வெறும் மெஷின்களோடு பட்டத்தை முடிக்கலாம் என்று எண்ணி எலெக்ட்ரிகலில் சேருவதும் தவறு.

கணினிப் படிப்போடு வைத்துப் பார்த்தால்

வேலைவாய்ப்பை மனத்தில் வைத்து நடக்கும் ஒப்பீடு பெரும்பாலும் இதுதான். இரண்டுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1937ல் கிளாட் ஷானன் எம்ஐடியில் தன் முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுவிட்சுகளின் சுற்றுகளை, உண்மை-பொய் என்ற இரண்டே மதிப்புகளைக் கையாளும் பூலிய இயற்கணிதத்தால் எழுதலாம் என்று காட்டினார். டிஜிட்டல் சுற்று வடிவமைப்பின் அடித்தளம் அது. சமர்ப்பிக்கப்பட்டது மின்பொறியியல் துறையில்.

படிப்பின் அன்றாடம் மட்டும் முற்றிலும் வேறு. நிரலில் பிழை இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். திருத்தி மறுபடி ஓட்டலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். எலெக்ட்ரிகலில் பலன் தெரிய நாளாகும். மின்காந்தவியல் பாடத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளோடு மாதக்கணக்கில் போராடினாலும் கையில் காட்ட எதுவும் இருக்காது. பக்கத்து வகுப்பு நண்பர் இரண்டாம் வருட முடிவில் ஒரு செயலியை எழுதிக் காட்டுவார். உங்களிடம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சோதனை அறிக்கை இருக்கும். மனம் தளர்வது இயல்பு. உடனடிப் பலன் இல்லாமல் உழைக்கத் தெரியாதவருக்கு இந்தப் படிப்பு கசக்கும். சேருமுன் இதை நேர்மையாக யோசித்துப் பார்ப்பது நல்லது.

மாறிப் போகும் வழி எந்தப் பக்கம் எளிது? எலெக்ட்ரிகல் படித்துவிட்டு நிரலாக்கத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். தேவையான கருவி ஒரு கணினி, பாடங்கள் திறந்தே கிடக்கின்றன. எதிர்த்திசையில் வருவது அபூர்வம். மென்பொருள் வேலையில் இருப்பவர் ஐந்து வருடம் கழித்துப் பாதுகாப்பு ரிலே வடிவமைக்கவோ மோட்டார் வடிவமைக்கவோ வந்தால், புலங்களும் மெஷின்களும் முதலிலிருந்து படிக்க வேண்டும். பல நாடுகளில் மின் நிறுவல்களுக்குக் கையெழுத்திட முறையான பட்டமும் பதிவும் வேண்டும். ஆகவே இரண்டும் சம அளவில் பிடிக்கும் என்கிறவருக்கு நான் எலெக்ட்ரிகலைத்தான் சொல்வேன்.

ஆனால் சம அளவில் பிடித்தவருக்கு மட்டும்தான். வழிமுறைகள், மொழிகள், தரவு என்று மனம் முழுக்க அந்தப் பக்கம் இருப்பவர் "பிறகு மாறிக்கொள்ளலாம்" என்று எலெக்ட்ரிகலில் சேர்ந்தால் நான்கு வருடம் வேறு எதற்கோ வாடகை கட்டியதுபோல் ஆகும். கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கமும், இயக்க முறைமை, கம்பைலர் போன்ற பாடங்களும் ஒழுங்காகப் படித்தால்தான் ஆழம் வரும். வேலைக்கு நிரல் எழுதக் கற்பதும் கணினி அறிவியல் படிப்பதும் ஒன்றல்ல.

இன்னும் மூன்று வழிகள்

இயற்பியல் பட்டம்: மேக்ஸ்வெல் சமன்பாடுகளே இனிக்கிறது, மோட்டார் எதற்கு என்று தோன்றுகிறவருக்கு அதுதான் சரியான இடம். குறைக்கடத்திகள், ஒளியியல் பக்கம் முதுகலையில் பொறியியலுக்குள் வர வழி உண்டு. பொறியாளராகப் பதிவு செய்வது மட்டும் சிரமமாகலாம்.

பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் பட்டயமும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் ஒற்றுமையில் பலர் ஏமாறுகிறார்கள். கோட்பாட்டைக் குறைத்து, கருவிகளை நிறுவுவது, சோதிப்பது, பராமரிப்பது என்று கைவேலையைக் கூட்டும் படிப்புகள் இவை. சர்வதேச அளவில் இவற்றுக்குத் தனித்தனி அங்கீகார உடன்படிக்கைகள் இருக்கின்றன: பொறியியல் பட்டங்களுக்கு 1989ல் வந்த வாஷிங்டன் உடன்படிக்கை, தொழில்நுட்பப் பட்டங்களுக்கு 2001ன் சிட்னி உடன்படிக்கை, டெக்னீஷியன் தகுதிகளுக்கு 2002ன் டப்ளின் உடன்படிக்கை. கையால் வேலை செய்வதில்தான் மகிழ்ச்சி, லாப்லாஸோடு வருடக்கணக்கில் இருக்க விருப்பமில்லை என்றால், தொழில்நுட்பப் பட்டம் கௌரவக் குறைவே இல்லை. களத்தில் இவர்கள் இல்லாமல் ஒரு துணைமின் நிலையமும் உயிர் பெறாது. ஆனால் வேறு நாட்டில் பொறியாளராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், சேரப்போகும் பட்டம் எந்த உடன்படிக்கையின் கீழ் வருகிறது என்பதைப் பணம் கட்டுமுன் பார்த்துவிட வேண்டும்.

தொலைதூரப் படிப்பில் கோட்பாடும் சிமுலேஷனும் நன்றாகவே வரும். குறைந்த மின்னழுத்தச் சோதனைகளுக்கு வீட்டுக்கே பெட்டி அனுப்பும் பல்கலைக்கழகங்களும் உண்டு. மெஷின் ஆய்வகத்துக்கு மாணவரை நேரில் வரவழைத்துச் சில வாரம் வைத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பவர் பக்கம் போக நினைப்பவர் அதை விட்டுவிடலாம். ஏற்கெனவே மின்துறையில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்க விரும்புகிறவருக்கு இந்தக் குறை பெரிதில்லை.

பாடத்திட்டத்தை எப்படிப் படிப்பது

பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் நடத்தும் படிப்புகள் வெவ்வேறாக இருக்கும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பருவங்களைத் திறந்து பாருங்கள். எலெக்ட்ரிகல் என்று பெயர் வைத்த படிப்பில் மின்காந்தவியல், சமிக்ஞைகளும் முறைமைகளும், மெஷின்கள், கட்டுப்பாடு, பவர் எலெக்ட்ரானிக்ஸ் ஐந்தும் கட்டாயப் பாடங்களாக இருக்க வேண்டும். மின்காந்தவியலை விருப்பப் பாடமாகத் தள்ளியிருந்தால் நான் யோசிப்பேன். கஷ்டமான பாடம் என்பதாலேயே சில இடங்களில் தள்ளுகிறார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரும் ஆன்டெனாவும் அதிவேக சர்க்யூட் போர்டும் புரிவது அந்தப் பாடத்தால்தான். மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை முழுதாக நிரலாக்கும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆய்வக நேரம் அச்சில் எவ்வளவு போட்டிருக்கிறது என்பதைவிட, ஒரு மேஜைக்கு எத்தனை மாணவர்கள் என்பது முக்கியம். இருவர் என்றால் இருவரும் கற்பார்கள். ஆறு பேர் என்றால் ஒருவர் இணைப்பார், ஒருவர் எழுதுவார், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். இதை எந்த விளம்பர ஏட்டிலும் போடுவதில்லை. இறுதி வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, மோட்டார் ஒன்றுக்கு நீங்களே கடைசியாக எப்போது இணைப்புக் கொடுத்தீர்கள், இறுதி வருட புராஜெக்ட்டைக் கட்டினீர்களா அல்லது சிமுலேஷனோடு முடித்தீர்களா என்று கேளுங்கள். மெஷின் ஆய்வகத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்த மெஷின்கள் கொண்ட எலெக்ட்ரிகல் துறையைவிட, மாணவர்கள் இரவு வரை பயன்படுத்தும் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் உள்ள துறை மேல். அந்த நிலைமையில் என் சாய்வை ஒதுக்கிவிட்டு எலெக்ட்ரானிக்ஸில் சேருங்கள். பவர் எலெக்ட்ரானிக்ஸும் கட்டுப்பாடும் விருப்பப் பாடங்களாகக் கிடைத்தால் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின்களை முதுகலையிலோ முதல் வேலையிலோ பிடித்துக்கொள்ளலாம்.